தவளை மனிதன் தமிழ் பேசிய இரவுகள்

அன்புள்ள மகன்,

நீயும் என் பேத்தி மீராவும் சுகமாகப் போய் இறங்கிவிட்டீர்கள் என்று செய்தி வந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்த இரவு நீ என் முன்னால் தரையில் குந்தியிருந்து அழுதபோதே இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. உன் தலையைத் தடவிக்கொண்டு, "படு மகன், காலமை கதைப்பம்" என்று மட்டும் சொன்னேன். விடிந்ததும் மீராவுக்குப் பால் காய்ச்சவும், உன் பெட்டிகளைக் கட்டவும், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றவும் நேரம் போய்விட்டது. நீயும் அதைப் பற்றி மறுபடி கதைக்கவில்லை. என் வயதில் இனி ஒன்றைப் பிறகு சொல்லலாம் என்று தள்ளி வைப்பது சரியில்லை. அதனால் எழுதுகிறேன். மெதுவாக வாசி.

அந்த இரவு மீராவுக்கு நித்திரை வரவில்லை. உங்கள் ஊரில் அப்போது பகல் என்றாய். இரண்டு பேரும் கூடத்தில் பாயைப் போட்டுக்கொண்டு உன் போனில் ஏதோ பழைய பேய்ப் படம் பார்த்தீர்கள். நான் அறைக்குள் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய கதவு கிரீச்சிட்டது, ஒரு பெண் வீரிட்டாள், மீரா விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த வெள்ளவத்தை வீட்டில் ஒரு பிள்ளை அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சிரிப்பு வெட்டியது போல நின்றது. எழும்பி வந்து பார்த்தால் உன் கை அவளுடைய வாயைப் பொத்தியிருந்தது. "சத்தம் போடாதை! சத்தம் போடாதை எண்டு சொன்னனானெல்லோ!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாய். பிள்ளை பயந்துபோய் உன்னைப் பார்த்தது. நீ உன் கையையே, அது வேறு யாருடைய கையோ போலப் பார்த்தாய்.

அவள் அழுது தூங்கிய பிறகுதான் நீ வாய் திறந்தாய். "அம்மா, தயா மாமாவைப் பிடிச்சுக்கொண்டு போனது என்னாலதான். நான்தான் டீவியைக் கூட்டினனான். நான்தான் கத்திச் சிரிச்சனான். அந்தச் சத்தத்துக்குத்தான் அவங்கள் மேல ஏறி வந்தவங்கள். மாமாவைக் கொண்டு போகேக்கையும் நான் சிரிச்சுக்கொண்டு நிண்டனான்." பிறகு இன்னும் தணிந்த குரலில், "திரும்பி வந்த பிறகு மாமா என்னோட கதைக்கேல்லை. அவருக்குத் தெரியும்" என்றாய்.

மகன், தலை நரைக்கத் தொடங்கிய ஒரு ஆம்பிளை, எட்டு வயதில் செய்யாத குற்றத்தை இவ்வளவு காலமும் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாய். இப்படி ஒன்று உன் மனதில் இருக்கும் என்று நானோ உன் அப்பாவோ ஒரு நாளும் நினைத்ததில்லை. அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு ஒன்றும் சொல்லாமல் விட்டால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் எல்லா வீட்டிலும் நினைத்தோம். சொல்லாத இடத்தைப் பிள்ளைகள் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள் என்பது தெரியவில்லை.

கொழும்பில் அப்போது நாங்கள் இருந்த கொட்டாஞ்சேனை வீடு உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. கோயில் மணியும் துறைமுகத்துக் கப்பல்களின் ஊதலும் ஒரே நேரத்தில் கேட்கிற ஒழுங்கை. கீழே சோமா அக்கா குடியிருந்தா. சிங்களப் பெண், தனி ஆள், வீட்டில் வைத்தே உடுப்புத் தைப்பா. ஒடுக்கமான மரப்படியில் ஏறி வந்தால் மேலே நாங்கள். அப்பா துறைமுகத்தில் ஒரு கப்பல் கந்தோரில் கிளார்க். கப்பல் வரும் நாட்களில் இரவு வேலை. என் தம்பி தயாளன் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து சேர்ந்தபோது அவனுக்கு மீசை கூடச் சரியாக அடரவில்லை. வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு ஏஜென்சிக்காரனைப் பிடித்திருந்தோம். இன்றைக்கு, நாளைக்கு என்று அவன் இழுத்துக்கொண்டே போனான். தயா காத்திருந்தான்.

காத்திருப்பது என்றால் வீட்டுக்குள் இருப்பதுதான். பகலில் வெளியே போனால் சந்திக்குச் சந்தி ஆமியும் பொலிசும் மறிப்பார்கள். யாழ்ப்பாணத்து முகவரி போட்ட ஐசியை, அடையாள அட்டையைக் கண்டதும் ஓரமாக நிற்கச் சொல்வார்கள். நகரில் எங்காவது குண்டு வெடித்தால் அன்று இரவு தெருவை இரண்டு பக்கமும் மறித்து வீடு வீடாக ஏறுவார்கள். அதற்குச் செக்கிங் என்று பெயர். அதனால் இளம் பெடியன்கள் இருந்த வீடுகளில் இரவில் ஒருவரும் சரியாகத் தூங்கியதில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருந்தாலும் காது வாசலில்தான் இருக்கும்.

தயாவுக்கு அந்த இருட்டுத்தான் ஆகவில்லை. "அக்கா, சும்மா கிடந்து முகட்டைப் பாக்கிறதுக்கு டீவியையாவது பாப்பம்" என்று ஒரு சனிக்கிழமை எழும்பிப் போய்ப் போட்டான். எங்களிடம் இருந்தது சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டி. செய்திகள் எல்லாம் முடிந்து ஊர் படுத்த பிறகு ஆங்கில அலைவரிசையில் பழைய படங்கள் போடுவார்கள். நல்ல படங்களை ஆட்கள் விழித்திருக்கும் நேரத்தில் போட்டுவிட்டு, ஒருவரும் பார்க்காத நேரத்துக்கென்று மிச்சம் வைத்திருந்த படங்கள். கதவைச் சாத்தினால் மாளிகைச் சுவர் ஆடும். வௌவால் நூலில் தொங்கும், நூலும் தெரியும். இரத்தம் குடிக்கிற பிரபுவுக்குப் பொய்ப்பல் நழுவும், அவர் நாக்கால் அதைத் தள்ளிச் சரிசெய்வார். முதல் நாள் நீ போர்வைக்குள் ஒளிந்துகொண்டு, "மாமா, அந்தாள் என்ன சொல்றார்?" என்று நடுங்கினாய். தயாவுக்கு அந்த ஆங்கிலம் பாதிதான் விளங்கும். விளங்காததைத் தானே இட்டுக்கட்டிச் சொல்லத் தொடங்கினான்.

அப்படித்தான் அது தொடங்கியது. அவன் பள்ளிக்கூடத்தில் நாடகம் போட்டவன். ஆளுக்கு ஒரு குரல் வைத்திருந்தான். இரத்தம் குடிக்கிற பிரபு பென்ஷன் எடுத்த தலைமை வாத்தியார் மாதிரி இழுத்து இழுத்துக் கதைப்பார்: "பிள்ளை, கழுத்தைக் கொஞ்சம் காட்டும், பிரஷர் பாக்கிறன்." வெள்ளைக் கோட்டுப் போட்ட விஞ்ஞானி ஏஜென்சிக்காரன் மாதிரி: "அடுத்த கிழமை கட்டாயம் ஏத்துறன், தம்பி பயப்பிட வேண்டாம்." நீ போர்வையிலிருந்து தலையை வெளியே நீட்டினாய். மூன்றாவது சனிக்கிழமையோ என்னவோ, கீழேயிருந்து சோமா அக்காவும் ஒரு கிண்ணம் கடலையோடு ஏறி வந்தா. அவவுக்கு ஆங்கிலமும் தெரியாது, தமிழும் கொஞ்சம்தான். பேய் வாயைத் திறந்தால், "மல்லி, மொக்கத கியன்னே?" என்று கேட்பா, தம்பி, அது என்ன சொல்கிறது என்று. தயா திரும்பி, "படகினிலு அக்கே" என்பான், அதற்குப் பசிக்கிறதாம். "அனே பவ்!" என்று அந்தப் பேய்க்காக உண்மையாகவே இரக்கப்படுவா.

நான் அந்தப் படங்களைப் பார்த்ததைவிட உங்கள் மூன்று பேரையும்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். நீலமாய் ஒரு வெளிச்சம் முகங்களில் ஆடிக்கொண்டிருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு என் காதும் வாசலை மறந்துவிடும். உன் அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "பெடியன் இருக்கிற வீட்டில இந்த நேரத்தில லைட்டும் சத்தமும் தேவையோ?" என்று ஒருதரம் தயாவிடம் கேட்டார். தயா, "அத்தான், இருட்டா இருந்தா விட்டிட்டுப் போறவங்களோ?" என்று கேட்டான். ஒழுங்கையில் விளக்கணைத்துப் படுத்த வீடுகளில்தான் பெரும்பாலும் ஆட்களைக் கொண்டுபோனார்கள்.

இப்போது அந்த இரவுக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்தது நீ பார்த்த பாதி. நான் பார்த்த பாதியைச் சொல்கிறேன்.

அன்று தவளை மனிதன் படம். ஒரு குளத்திலிருந்து எழும்பி வந்து ஊராட்களைத் தூக்கிக்கொண்டு போவான். றப்பர் உடுப்பு. முதுகில் அதைப் பூட்டுகிற சிப் தெரியும். திரும்பும்போதெல்லாம் நீ "சிப், சிப்!" என்று கத்துவாய். அப்பா வேலையில். சோமா அக்கா காய்ச்சல் என்று அன்று வரவில்லை. தவளை மனிதன் கதாநாயகியைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடக்க, தயா சொன்னான்: "பிள்ளை, நிலம் ஈரம். நடந்தா சளி பிடிக்கும். அதுதான் தூக்கினனான், வேற ஒண்டுமில்லை." நீ சிரித்துக்கொண்டிருந்தாய். கொடியில் கிடந்த உடுப்பை எடுக்க நான் பின்னாலிருந்து முன் பல்கணிக்குப் போனேன். ஒழுங்கையின் அந்த முனையில் டோர்ச் வெளிச்சங்கள் கண்டேன். ஜீப் ஒன்று விளக்கணைத்து நின்றது. முதல் வீட்டுக் கதவு திறந்திருந்தது, அந்த வீட்டாட்கள் வெளியே வரிசையாக நின்றார்கள். இரண்டாவது வீட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தார்கள். மகன், இதைக் கவனமாக வாசி. அவர்கள் ஒழுங்கை முழுவதற்கும்தான் வந்தார்கள். நீ டீவியைக் கூட்டுவதற்கு முன்பே வந்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் ஊமைகள் இருந்திருந்தாலும் அந்தப் படியில் ஏறியிருப்பார்கள்.

நான் குசினி வாசலில் நின்று தயாவுக்குக் கண்ணைக் காட்டினேன். உன்னிடம் "ஒரு நிமிசம் மருமோனே, தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வந்தான்.

"வாறாங்கள் தயா. அந்த முனையில நிக்கிறாங்கள்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். "எல்லா வீட்டுக்குமோ?"

"ஓம். இன்னும் நேரம் இருக்கு. சோமா அக்கான்ர பின்பக்கத்தால போய் மதில் ஏறு. அங்கால சேர்ச் வளவு."

"ஓடினா சுடுவாங்கள் அக்கா. ஓடினவன்ர ஆக்கள் எண்டு உங்களையும் கொண்டு போவாங்கள்." செம்பில் தண்ணீரை மொண்டு குடித்தான். தண்ணீர் நெஞ்செல்லாம் சிந்தியது. "பொலிஸ்ல பதிஞ்சு தானே இருக்கிறன். ஐசி இருக்கு. பாத்திட்டுப் போவாங்கள்."

"நான் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அறைக்குள்ள..."

"வேண்டாம். மருமோனுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ. படம் போகட்டும்."

அவன் திரும்பிப் போய் உன் பக்கத்தில், உன்னோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அதற்குள் கீழே சப்பாத்துச் சத்தம் எனக்குக் கேட்கத் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள், ஒரு பெண் அழுதாள். நீ அந்த நேரம், "மாமா, கூட்டட்டோ? ஒண்டும் கேக்கேல்லை" என்றாய். தயா, "கூட்டு மருமோனே, நல்லாக் கூட்டு" என்றான். ஓம், நீதான் கூட்டினாய். அவன் கூட்டச் சொன்னதால் கூட்டினாய். அதற்குப் பிறகு அவன் கதைத்த கதை மாதிரி அதற்கு முன் ஒரு நாளும் கதைத்ததில்லை. படத்தில் ஊர்ப் பொலிஸ்காரர்கள் டோர்ச்சோடு குளக்கரைக்கு வந்தார்கள். தயா பொலிஸ் குரலில் "ஐசி எங்க?" என்றான். தவளை மனிதன், "தண்ணிக்குள்ள நனைஞ்சு போச்சு ஐயா" என்றான். "எந்த ஊர்?" "குளம் ஐயா." "குளத்தில இருந்து எதுக்குக் கொழும்புக்கு வந்தனீ?" "வெளிநாடு போக ஐயா." நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டாய். அவன் உன்னைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருந்தான். நான் குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன் சிரிப்பால் மாமாவைக் கண்டுபிடித்தார்கள் என்று நீ நினைத்திருக்கிறாய். உன் காதில் அந்தச் சத்தங்கள் விழக்கூடாது என்றுதான் மகன் அவன் உன்னை அப்படிச் சிரிக்க வைத்தான்.

கதவைத் தட்டினார்கள். நான் திறந்தேன். மூன்று பேர். அட்டையை வாங்கிப் பார்த்த பெரியவர், "யாப்பனய?" என்றார், யாழ்ப்பாணமா என்று. தயா எழுந்து நின்று "ஓவ் சேர்" என்றான். பொலிசில் பதிந்த துண்டையும் காட்டினேன். ஒரு பொடிச் சிப்பாய், தயாவின் வயதுதான் இருக்கும், அவன் துவக்கைப் பிடித்தபடி தவளை மனிதனையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கும் சிப் தெரிந்ததோ என்னவோ, சிரிப்பு வந்துவிட்டது. பெரியவர் திரும்பிப் பார்த்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டான். விசாரித்துவிட்டுக் காலையில் விடுகிறோம் என்று சொன்னார்கள். தயா சேர்ட்டை மாட்டினான். பொத்தான்களை நான்தான் பூட்டிவிட்டேன். வாசலில் நின்று உன்னைத் திரும்பிப் பார்த்து, தவளை மனிதனின் குரலில், "மருமோனே, மிச்சத்தைப் பாத்து வையும், நான் வந்து கேப்பன்" என்றான். நீ சிரித்தாய். சிரி என்றுதான் அவன் அந்தக் குரலில் சொன்னான். நீ அழுதிருந்தால் அவனால் அந்தப் படியில் இறங்கியிருக்க முடியாது. இதை மட்டும் நீ என் வார்த்தையாக எடுத்துக்கொள். மீரா சிரித்தால் இனி அவள் வாயைப் பொத்தாதே.

காலையில் விடவில்லை. சோமா அக்கா காய்ச்சலோடு என்னையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு பொலிசுக்கு வந்தா. மேசையில் இருந்த பொலிஸ்காரனிடம், "ஏ மகே மல்லி வகே, மாத்தயா" என்று கெஞ்சினா, அவன் என் தம்பி மாதிரி என்று. அவன் இங்கே இல்லை என்றார்கள். இன்னொரு இடத்தில் கேட்கச் சொன்னார்கள். அங்கேயும் இல்லை. எங்கே இருக்கிறான் என்று தெரிய வரவே பல வாரங்கள் ஆயின. நாங்கள் போய்ப் பார்த்தபோது கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "மருமோன் படத்தின்ர முடிவைச் சொன்னவனோ?" என்று கேட்டான். நீ அன்று முடிவு பார்க்கவில்லை என்று நான் அவனுக்குச் சொல்லவில்லை. தவளை மனிதன் குளத்துக்கே திரும்பிப் போய்விட்டான் என்று ஏதோ சொன்னேன்.

ஒரு வருடத்துக்கும் மேல் வைத்திருந்துவிட்டு, குற்றம் ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய்! அந்தச் சனிக்கிழமை நீயே டீவியைப் போட்டு, பாயை விரித்து, சோமா அக்காவையும் கூப்பிட்டு வந்து, "மாமா, சொல்லுங்கோ" என்று காத்திருந்தாய். ஏதோ ஒரு கோட்டை, ஏதோ ஒரு பெண் வீரிட்டாள். தயா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான். பிறகு எழும்பிப் பல்கணிக்குப் போய் நின்றான். நீ பின்னாலேயே போய், "கோவமோ மாமா?" என்று கேட்டாய். அவன் திரும்பவில்லை. நீ திரும்பி வந்து டீவியை அணைத்தாய். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரவில் படம் பார்த்ததில்லை.

மகன், அவனுடைய இடது காது உள்ளே அடி வாங்கிச் செத்துப்போயிருந்தது. நீ அந்தப் பக்கம்தான் நின்றாய். நீ கேட்டது அவனுக்குக் கேட்கவே இல்லை. பிறகு டொக்டரிடம் கொண்டுபோனபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. ஆட்கள் வீரிடுகிற சத்தத்தை மற்றக் காதாலும் அவனால் தாங்க முடியவில்லை, அது படத்தில் என்றாலும். அங்கே என்னத்தைக் கேட்டான் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. உன்னோடு மட்டும் கதைக்காமல் விட்டான் என்று நினைக்காதே. அவன் ஒருவரோடும் கதைக்கவில்லை. வெளிநாடு போகிற கதையையும் விட்டுவிட்டான். எங்கள் வீட்டில் இருந்தால் திரும்பவும் எங்களுக்குக் கரைச்சல் என்று ஹெந்தளைப் பக்கம் ஒரு அச்சகத்தில் வேலை தேடிக்கொண்டு, அங்கேயே ஒரு அறை எடுத்துப் போனான். அடுத்த வருடம் உன்னை வெளிநாட்டில் இருந்த அத்தையிடம் அனுப்பினோம். அவன் விமான நிலையத்துக்கு வரவில்லை என்று உனக்கு மனவருத்தம். அந்தப் பாதையில் இருந்த சோதனைச் சாவடிகளை நினைத்தே அவன் வரவில்லை.

அவன் சாவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன் நான் ஹெந்தளைக்குப் போனேன். சண்டை அப்போதும் முடியவில்லை. சிறுநீரகம் பழுதாகி, முகமெல்லாம் வீங்கிப் படுத்திருந்தான். உனக்குப் பரீட்சை நேரம், அதனால் முன்கூட்டி ஒன்றும் அறிவிக்கவில்லை. கொண்டுபோன கஞ்சியில் இரண்டு கரண்டி குடித்தான். கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, "அக்கா, ஒண்டு கேக்கட்டோ?" என்றான்.

"கேள்."

"அண்டைக்கு இரவு பக்கத்து வீட்டில அந்த மனிசி அழுதது, அவங்கள் படி ஏறினது, இதெல்லாம் மருமோனுக்குக் கேட்டதோ?"

"இல்லை தயா. அவனுக்கு நீ கதைச்சது மட்டும்தான் கேட்டது."

அவன் மெல்லப் புரண்டு, நல்ல காதை என் பக்கம் திருப்பினான். "திருப்பிச் சொல்லுங்கோ" என்றான். நான் குனிந்து அந்தக் காதுக்குள் திருப்பிச் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான். வலி இல்லாத ஆள் போல, அந்தப் பின்னேரம் முழுவதும் தூங்கினான்.

உண்மையில் உனக்குக் கேட்டதா இல்லையா என்று அப்போது எனக்குத் தெரியாது. சாகப்போகிறவனுக்கு ஒரு ஆறுதல் என்று சொன்னேன். அது பொய்யாக இருந்தால் என்ன செய்வது என்று இவ்வளவு காலமும் பயந்து, உன்னிடம் கேட்காமலே இருந்தேன். இந்த முறை வந்திருந்தபோது நீ அழுதுகொண்டே கடைசியில் ஒன்று சொன்னாய்: "அவங்கள் வாறது எனக்குக் கொஞ்சமாவது கேட்டிருந்தா நான் டீவியை நிப்பாட்டியிருப்பன் அம்மா. எனக்கு ஒண்டுமே கேக்கேல்லை, மாமான்ர குரல் மட்டும்தான் கேட்டது." உன் குற்றமென்று நினைத்து நீ அதைச் சொன்னாய். நீ அறைக்குப் போய்ப் படுத்த பிறகு நான் விடியும்வரை அந்தக் கூடத்திலேயே இருந்தேன். நான் தயாவுக்குச் சொன்னது பொய் இல்லை, மகன்.

உன் அம்மா